அரை பாட்டில் சிலிக்கான்

"போகும்போது ஸ்கேல், வரும்போது ஸ்ப்ரிங்! இது என்னங்க நியாயம்?"

பார்லர் கதவு மூடறதுக்குள்ளயே அந்தம்மா ஆரம்பிச்சுட்டாங்க. மாமியார் ஆகறதுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. குரல் மட்டும் முன்கூட்டியே பதவி ஏத்துக்கிச்சு.

பின்னாடியே வருங்கால மருமக. தலை பூரா சுருட்டை. பத்து நாளைக்கு முன்னாடி இதே பார்லர்ல, முடியை நிரந்தரமா நேராக்கற மருந்து போட்டுக்கிட்டுப் போன தலை.

"மூணே குளியல்ங்க! எங்க குடும்ப போட்டோவுல ஒரு தலைகூட வளைஞ்சதில்ல. எங்க வீட்டுக்காரருக்கு மிச்சம் இருக்கற நாலு முடிகூட அட்டென்ஷன்லதான் நிக்கும்!"

முதலாளியம்மா எழுந்து வந்தாங்க. வேலை செய்யறவங்க வச்ச பேரு கத்திரி மேடம். முடி வெட்டறதால இல்ல. லீவை வெட்டுவாங்க, பேச்சை வெட்டுவாங்க, கோவம் வந்தா ஆளையே வெட்டி விட்டுடுவாங்க. அவங்க முடி கோடு போட்ட மாதிரி நேர். கல்லாவுக்கு மேல மாட்டியிருக்கற கல்யாண போட்டோவுலயும் அதே கோடுதான்.

மருமக முடியை ரெண்டு விரல்ல உருவிப் பார்த்தாங்க.

"யாரு பண்ணது?"

"நான்தான் மேடம்." சீப்பு அக்கா முன்னாடி வந்தாங்க. கொண்டையில எப்பவும் ஒரு சீப்பு சொருகியிருக்கும். பதினாறு வருஷ சர்வீஸ்.

"மருந்து போடறதுக்கு முன்னாடி தலையைக் கழுவினியா?"

சீப்பு அக்கா இல்லன்னு தலையை ஆட்டினாங்க.

"பளபளப்புக்குப் பூசற சிலிக்கான் படிஞ்ச முடியில மருந்து ஏறுமாடி? அது முடிக்கு ரெயின்கோட்! வழவழன்னு இருக்கும், பளபளன்னு இருக்கும், ஒண்ணையும் உள்ள விடாது. மூணு தடவை குளிச்சா கோட்டும் போச்சு, நேரும் போச்சு. முதல் நாள் வேலைக்கு வர்றவளுக்குச் சொல்ற பாடம் இது!"

"தப்பாயிடுச்சு மேடம்."

"தப்பாயிடுச்சாமே!" மாமியார் கழுத்தை ஒடிச்சு அப்படியே சொல்லிக் காட்டினாங்க. "முதல்ல இவங்களை வேலையை விட்டுத் தூக்குங்க."

"தூக்கிடறேம்மா. நீங்க சோபாவுல உட்காருங்க. இந்தத் தடவை நானே போடறேன். ஏய் சீப்பு, நீ உள்ள வா!"

உள்ளே, தலை கழுவற ரூம். மேடம் மருமகளையும் உள்ள கூட்டிட்டுக் கதவைச் சாத்தினாங்க. பேச்சு வெளிய கேக்காம இருக்க குழாயைத் திறந்து விட்டாங்க. அலமாரியில இருந்த சிலிக்கான் பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சாங்க.

"ஒரு தலைக்கு மூணு சொட்டு. இவளுக்கு மருந்து போட்ட அன்னிக்குத்தான் உடைச்ச பாட்டில். பாதியைக் காணோம். இது மறதி இல்ல, வேணும்னே பூசியிருக்க. ஏன்னு சொல்லு. இல்ல, சீப்பை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

சீப்பு அக்கா கை நிக்காம, கொண்டையில இருந்த சீப்பை உருவறதும் சொருகறதுமா இருந்துச்சு.

மருமகதான் பொறுக்க முடியாம சொன்னா. "நான்தான் கெஞ்சினேன் மேடம். அத்தை போன் பேச வெளிய போன நேரம் பார்த்து அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டேன். வீடு மாறுது, ஊரு மாறுது, தலையாவது என்னோடதா இருக்கட்டுமேன்னு. அக்காவைத் தூக்கிடாதீங்க."

"கல்யாணத்துக்கு அப்புறம் சுருண்டா என்ன பண்ணுவ?"

"அப்ப நானே அவங்ககிட்ட நேரா சொல்லிக்கறேன். இப்ப சொன்னா ரெண்டு வீடும் சண்டைக்கு நிக்கும். அவர்கிட்ட சொல்லிட்டேன். அவருக்கு சுருட்டைதான் பிடிக்குமாம்."

மேடம் கை தன்னோட நேர் முடியைத் தடவுச்சு. தண்ணி அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு.

வெளிய இருந்து மாமியார் குரல்: "மருந்து ஏறுதாங்க?"

"ஜோரா ஏறுதும்மா!"ன்னு கத்தின மேடம், கையில இருந்த பாட்டிலை அப்படியே மருமக தலையில கவுத்துட்டாங்க. ஒரு சொட்டு விடல.

"இது மேலதான் மருந்து. நாலு நாளைக்குத் தலையில தண்ணி பட்டுச்சு, தொலைச்சுடுவேன்."

சீப்பு அக்கா வாயைப் பொளந்துக்கிட்டு நின்னாங்க. "மேடம்... நீங்களா?"

"என் கல்யாணத்துக்கு முன்னாடியும் என் மாமியார் என்னை இப்படித்தான்டி பார்லருக்குக் கூட்டிட்டுப் போனாங்க." மேடம் குரல் முதல் தடவையா இறங்குச்சு.

"எனக்கு மருந்து போட்டவ, நல்லா கழுவிட்டுப் போட்டுட்டா."