மகளின் மொழிபெயர்ப்பு

ஒரு காலத்தில் சிகாகோவுக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த வீடு, இப்போது மியூசியம். தன் அம்மா அசுந்தாவை அழைத்து வந்திருந்தாள் ஃபிலொமினா. அம்மா இத்தாலியன்தான் பேசுவாள். வழிகாட்டிப் பெண் இங்கிலீஷில் சொன்னதை மகள்தான் மாற்றிச் சொன்னாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கைநாட்டு வைத்த ஒரு பழைய தாள் இருந்தது.

“பத்து வயசுப் பொண்ணுக்குப் பதினாலுன்னு பொய்ச் சத்தியம் பண்ணி, பெத்தவளே தையல் ஃபேக்டரிக்கு அனுப்பியிருக்கா. மெஷின்ல அந்தக் குழந்தைக்கு ரெண்டு விரல் போச்சு. இப்படிப்பட்ட தாய்ங்களாலதான் சட்டத்தை இன்னும் கடுமையாக்கப் போராட வேண்டியிருந்தது,” என்றாள் வழிகாட்டி.

“என்னடி சொல்றா?” என்றாள் அம்மா.

“அந்தக் காலத்துல தாய்மாருங்க ரொம்பக் கஷ்டப்பட்டாங்களாம்மா.”

அதற்குப் பிறகு அம்மா எதையும் பார்க்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

“ஏன்டி மாத்திச் சொன்னே?”

“உனக்கு இங்கிலீஷ் புரியுமா?”

“அம்பது வருஷமா இங்க இருக்கேன், இதுகூடவா புரியாது? உங்கப்பா செத்த வாரம்டி அது. வீட்ல ரொட்டி இல்ல. கைநாட்டு வெச்சுட்டேன்.”

ஃபிலொமினா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த மகளின் கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன.