பத்தே முக்கால் பஸ்

பதினோரு நாளாக அவள் பெட்டியும் கையுமாக வாசலிலேயே நின்றாள். உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

கதையில்தான். எழுதுகிறவளுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பேனாவை மாற்றினாள், நாற்காலியை ஜன்னலோரம் திருப்பிப் போட்டாள், மொட்டைமாடியில் நூறு நடை நடந்தாள். நாயகி அசைவேனா என்று நின்றாள். பத்திரிகை ஆசிரியர் வேறு, "நாளைக்குள்ள வரலைன்னா அந்தப் பக்கத்துல சோப்பு விளம்பரம்தாம்மா" என்று சொல்லிவிட்டார்.

வேறு வழியில்லாமல், எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரிடம் கேட்டாள். கணக்கு வாத்தியார். இருபது வருஷத்தில் அவள் கதை ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

"என்னங்க, ஒருத்தி புருஷனை விட்டுட்டுப் போகணும். எப்படிப் போவா?"

"எதுக்குப் போறா?"

"அடி, உதை எல்லாம் இல்லை. அவன் எந்நேரமும் தன் வேலையிலேயே மூழ்கிக் கிடக்கறான். இவ பேசினா காதுலயே விழாது."

"ம். அது போதும்." அவர் தலை நிமிரவில்லை. "பெட்டி வேண்டாம். எதிர்வீட்டுல பார்த்தா ஊரே கூடிடும். துணிப்பை எடுத்துக்கச் சொல்லு. சலவைக்குப் போடப் போற மாதிரி இருக்கும்."

அவள் மளமளவென்று எழுதினாள். பதினோரு நாளுக்குப் பிறகு நாயகி படி இறங்கினாள்.

"லெட்டர் ஏதாவது எழுதி வைப்பாளா?"

"உட்காருவா. நாலு தடவை எழுதிக் கிழிப்பா. அப்புறம், சும்மாவே போயிடலாம்னு கிளம்பிடுவா. பத்தே முக்கால் பஸ்ல கூட்டம் இருக்காது."

பேனா ஓடிக்கொண்டிருந்ததில், பஸ் நேரத்தை அவர் இரண்டாம் முறை சொன்னபோதுதான் காதில் விழுந்தது. ஸ்கூட்டரைத் தவிர வேறெதிலும் ஏறாத மனுஷனுக்கு இது எப்படித் தெரியும்? கேட்க நேரமில்லை.

"ஏறிட்டா. இனிமே?"

"மூணாவது ஸ்டாப்புல இறங்கிடுவா."

"ஐயோ, ஏங்க? இப்பத்தானே கிளப்பிவிட்டேன்!"

"வீட்டுச் சாவி ரெண்டும் அவ பையிலேயே இருக்கும். வெளிய வேலையாப் போன ஆள் திரும்பி வந்தா, பூட்டின கதவு முன்னாடி வெயில்ல நிக்கணுமே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா இருக்கு போங்க! வீட்டை விட்டு ஓடுறவளுக்கு அதெல்லாமா தோணும்?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"எனக்குத் தோணிச்சே."