பூட்டிய ஜெபப்பெட்டி

“உங்க கவலைய எழுதிப் பெட்டியில போட்டுருங்க. யாரும் தொறக்க மாட்டோம். கர்த்தர் மட்டுந்தான் வாசிப்பாரு” என்று காலையில் ஊழியக்காரர் சொன்னார்.

அதை நம்பித்தான், புருஷனிடம்கூடச் சொல்லாத மார்புக் கட்டியைப் பற்றி ஹெப்சிபா எழுதிப் போட்டாள்.

மாலையில் நாயுடுபுரம் ஜெபக்கூட்டத்தில் அதே ஊழியக்காரர் கண்களை மூடிக் கையை உயர்த்தினார்.

“ரோஸ்லின்! மகளே! மார்புல கட்டின்னு கலங்குறியே, கர்த்தர் எனக்குக் காட்டுறார். எந்திரிச்சு வா!”

கூட்டம் அல்லேலூயா என்று அலறியது. யாரும் எழவில்லை.

“அக்கா, யாரு அந்த ரோஸ்லின்? ஆண்டவரே பேர் சொல்லிக் கூப்புடுறாரு, அசையாம உக்காந்திருக்காளே!” என்றாள் பக்கத்திலிருந்த ஜாய்ஸ்.

ஹெப்சிபா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

“அப்படி யாரும் இல்லம்மா. வெக்கப்பட்டு நான் சீட்டுல எழுதுன பொய்ப் பேரு அது. ஆண்டவருக்கு என் பேரு தெரியும்.”