எந்தப் புண்ணியவானோ

வலையைப் படகுக்குள் உதறியதும் மகள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கும் வரி மீன்தான். வேறு ஒன்றும் இல்லை.

அவள் தேடுவது சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சின்ன மீன். இந்த ஏரியை விட்டால் வேறெங்கும் கிடையாது. நாலைந்து கிடைத்தால்கூடப் போதும், பல்கலைக்கழகத்துத் தொட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்கவிட்டு, திரும்ப இங்கேயே கொண்டுவந்து விடலாம். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

இன்றும் கிடைக்காவிட்டால், அழிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். சொன்னவரும் படகில்தான் இருந்தார்.

துடுப்பு போடுவது அப்பா. பஸ் டிரைவர். லீவு நாளெல்லாம் இதற்கே போகிறது. வலை கிழிந்தால் தைப்பதும் அவர்தான், வாளி கழுவுவதும் அவர்தான். "பட்டம் அவளுக்கு, நாத்தம் எனக்கா?" என்று அவருடைய சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் அம்மா கேட்பாள்.

நாணல் ஓரமாக இன்னொரு தடவை வீசிப் பார்க்கலாம் என்றார் அப்பா. மகள் வேண்டாம் என்றாள். அவர் கேட்கவில்லை, தானே வீசினார்.

வரி மீன்.

இது இந்தப் பக்கத்து மீனே இல்லை, யாரோ வீட்டில் வளர்த்ததைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்றார் பேராசிரியை. ஒரு ஜோடி போதுமாம். பல்கிப் பெருகி, சின்ன மீனின் முட்டையை எல்லாம் தின்று தீர்த்துவிடுமாம்.

"எந்தப் புண்ணியவானோ," என்றாள் மகள். "கையில கிடைச்சா..."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாவம்னு விட்டிருப்பாங்கம்மா," என்றார் அப்பா.

"என்ன பாவம்? ரெண்டுக்குப் பாவம் பார்த்து ஒரு இனத்தையே துடைச்சுப் போட்டாச்சு."

யாரென்றே தெரியாதவனுக்கு இவர் ஏன் வக்காலத்து வாங்குகிறார் என்று பேராசிரியை சிரித்தார்.

"சும்மா சொல்றார் மேடம்," என்றாள் மகள். "எங்க வீட்லயும் இதுல ரெண்டு இருந்துச்சு. இவர் கொசுவை அடிக்கவே நாலு தடவை யோசிக்கிற ஆளு. ஆனா நான் சொன்னேங்கறதுக்காக மனசைக் கல்லாக்கிக்கிட்டு அதுகளைக் கொன்னார். எல்லாரும் எங்கப்பா மாதிரி இருந்திருந்தா இந்த ஏரிக்கு இந்தக் கதி வந்திருக்காது."

பேராசிரியை அப்பாவைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

அப்பா படகைக் கரைப் பக்கம் திருப்பினார்.

பள்ளிக்கூடம் முடித்து, மகள் முதல் தடவையாக ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று சொன்னது இதுதான். கடைக்காரர் திருப்பி எடுத்துக்க மாட்டேங்கறார். நான் இல்லாம இதுகளை இங்க யாரும் பார்த்துக்க முடியாது. என்ன ஆனாலும் ஏரியில மட்டும் விட்டுடாதீங்கப்பா. ஃப்ரீசர்ல வெச்சுடுங்க, தூங்கற மாதிரி போயிடும். சொல்லிவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

அப்பா வாளியோடு ஃப்ரிட்ஜ் வரைக்கும் போனார். ஃப்ரீசர் கதவைத் திறந்தார். குளிர் கையில் பட்டது.

மூடிவிட்டார். ஏரி வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது.