ட்ரம்ஸ் இருந்த இடம்

"இது எதுக்கு யோகு?"

மேசை மேல் இருந்த கறுப்புப் பெட்டியைத் தொடாமலேயே கேட்டான் கஜேந்திரன்.

சோத்துத் தட்டு அகலம்தான் இருக்கும். மேலே பதினாறு ரப்பர் கட்டங்கள், ஓரத்தில் திருகுகள். ஒரு வயர் லேப்டாப்புக்குப் போயிருந்தது.

"கன்ட்ரோலர். கொழும்புல இருந்து நேத்துதான் வந்துச்சு" என்றான் யோகராஜ். "லேப்டாப்ல இருக்கிற மியூசிக் சொப்ட்வெயார இதுலயே ஓட்டலாம். கட்டத்தைத் தட்டினா ட்ரம்ஸ் சத்தம். ஒருக்கா தாளத்தைப் போட்டு விட்டா, நாம நிறுத்துற வரைக்கும் அதே வேகம்."

ஒரு கட்டத்தைத் தட்டினான். ஸ்பீக்கர் அதிர்ந்தது.

மாத்தளை டவுனில், ஒரு தையல் கடையின் மேல்மாடி அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய இசைக்குழு அங்கேதான் கூடி வாசித்துப் பழகும். யோகராஜ் கீபோர்ட், குழுவுக்குப் பொறுப்பும் அவன்தான். கஜேந்திரன் கிட்டார். ஜெயந்தினி பாடுகிறவள். லெட்சுமணன் ட்ரம்ஸ்.

லெட்சுமணனுக்கு ஐம்பத்தாறு வயது. தேயிலை ஃபெக்டரியில் வேலை. இரத்தோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்தவர், இன்னும் உட்காரவில்லை. உட்கார இடமில்லை. மூலையில் எப்போதும் இருக்கும் ட்ரம் செட் அங்கே இல்லை.

"என் செட் எங்க தம்பி?" என்றார்.

"கீழ மூடி வச்சிருக்கேன்ணே. வர்ற சனிக்கிழமை நாலந்தாவுல வாசிக்கிற கல்யாணத்துல இருந்து இதுதான் ட்ரம்ஸ்." யோகராஜ் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இனிமே நீங்க வரத் தேவையில்ல."



"என்னய்யா பேசுற?" கஜேந்திரன்தான் முதலில் வெடித்தான். "பதினாலு வருசம் நம்ம கூட வாசிச்ச மனுசன். இந்தத் தகரப் பெட்டி வந்ததும் வீட்டுக்குப் போன்னு சொல்லுவியா? இன்னிக்கு அவரு, நாளைக்கு நானா?"

"மனசாட்சியே இல்லயாண்ணே உங்களுக்கு?" ஜெயந்தினிக்குக் கண் கலங்கியது. "நான் முதல் மேடையில பயந்துபோய் நின்னப்ப, 'பாடு தங்கச்சி, நான் இருக்கேன்'னு பின்னால இருந்து சொன்னவரு அவருதான். மெஷின் அப்பிடி சொல்லுமா?"

யோகராஜ் பெட்டியின் பக்கம் குனிந்தான். ஒரு திருகைத் திருப்பினான். பெட்டியிலிருந்து தாளம் ஓடத் தொடங்கியது. பிசகாத தாளம். ஜெயந்தினியின் கால் தன்னையறியாமல் தட்டியது. சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

லெட்சுமணன் பெட்டியருகே போனார். ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தட்டினார். பதினாறையும் தட்டி முடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

கையிலிருந்த குச்சிகளைப் பைக்குள் வைத்தார். பையின் ஸிப் ஏற மறுத்தது. இரண்டு மூன்று தடவை இழுத்துவிட்டு அப்படியே விட்டார்.

"தம்பி, ஒன்னே ஒன்னு கேக்கிறேன். என் வாசிப்புல ஏதும் பிழையா? இருந்தா நேராச் சொல்லிரு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

கஜேந்திரன் ஜன்னல் பக்கம் திரும்பினான். ஜெயந்தினி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

யோகராஜ் இப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"உங்க வாசிப்புல ஒரு பிழையும் இல்லண்ணே. எனக்கு இது லேசு. செட்டை ஏத்தி இறக்கத் தேவையில்ல, வேன்ல இடம் மிச்சம். அவ்வளவுதான்."

"அப்ப ஒன் வசதிக்காகத்தான்."

"ஆமா."

லெட்சுமணன் பையைத் தோளில் மாட்டினார்.

"என் கையில பிழைன்னு சொல்லியிருந்தா தலையைக் குனிஞ்சிக்கிட்டுப் போயிருப்பேன். இப்ப நிமிந்தே போறேன். ஆனா நீ நல்லா இருக்க மாட்ட யோகராஜ்."

படியிறங்கிவிட்டார்.

"நில்லுங்கண்ணே, நாங்களும் வர்றோம்!" கஜேந்திரன் அவர் பின்னாலேயே ஓடினான். வாசலில் நின்று திரும்பி, "நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று கத்தினான். ஜெயந்தினி யோகராஜைப் பார்க்காமலே போனாள்.

ஜன்னல் வழியாக யோகராஜ் பார்த்தான். கஜேந்திரன் அவருடைய தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தான். ஜெயந்தினி அவருடைய பையை வாங்கிக்கொண்டாள். கீழே தையல்காரர்கூட வெளியே வந்து, மாடியை அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

நாளைக்கு டவுன் முழுக்கத் தெரிந்துவிடும். யோகராஜ் கன்ட்ரோலரின் வயரைக் கழற்றினான். பிறகு மறுபடியும் மாட்டினான்.

அரை மணித்தியாலத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள்.

"பஸ் ஏத்தி விட்டோம்" என்றாள் ஜெயந்தினி. "வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. ஏறும்போதுதான், 'என் வாசிப்புல பிழையில்லன்னு அவன் வாயாலேயே சொன்னான், கேட்டீங்கதானே'ன்னாரு."

யோகராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

கஜேந்திரன் கதவைச் சாத்தினான். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"யோகு, அவருக்குக் காது மந்தமாயிருச்சு, தாளம் கண்டபடி ஓடுது, அவர நிப்பாட்டலேன்னா நாங்க ரெண்டு பேரும் வெலகிருவோம்னு போன மாசம் ஒன்கிட்ட சொன்னோமே... அத அவருகிட்ட நீ எப்பவும் சொல்ல மாட்டதானே?"