நாகவல்லி வாங்கி வந்த சால்வை

"வாபஸ் வாங்கிக்கோன்னு எத்தினி தபா சொல்றது? இந்தம்மாவுக்கு இன்னா ஒரு பதவி ஆச பாரு!"

வீரராகவன் அலுத்துக்கொண்டார். வட்டச் செயலாளர் அய்யாசாமி கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்கு ஆரம்பித்த கூட்டம். இப்போது மணி ஒன்று. திருமுல்லைவாயில் கட்சி ஆபீஸ் மாடியில் ஃபேன் சுற்றியது, காற்றுதான் வரவில்லை.

கவுன்சிலர் தேர்தலுக்கு இந்த வட்டத்தில் யாரை நிறுத்துவது என்பதுதான் பேச்சு. இருப்பது ஒரு சீட். கேட்டவர்கள் இரண்டு பேர். இருபத்திரண்டு வருஷமாகக் கட்சியில் கிடந்து உழைக்கும் நாகவல்லி. மூன்று வருஷம் முன்னால் வந்து சேர்ந்த ஹார்டுவேர் கடை உதயகுமார்.

நேற்றே தலைமை ஒரு சர்வே அனுப்பியிருந்தது. உதயகுமார் அறுபத்தெட்டு சதவீதம். நாகவல்லி பத்தொன்பது. அதைப் பார்த்த பிறகும் நாகவல்லி விடவில்லை. "கமிட்டியில ஓட்டெடுப்பு வைங்க" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

இப்போது தண்ணீர் குடிக்கக் கீழே போயிருந்தாள். அவள் நாற்காலியில் இருந்த பைக்குள் கட்சிக் கரை போட்ட புதுச் சால்வை ஒன்று எட்டிப் பார்த்தது.

"பாத்தியா, சால்வை கூட ரெடியா வாங்கியாந்துகீறாங்க" என்றார் வீரராகவன். யாரோ சிரித்தார்கள்.

அய்யாசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பார்க்கிற ஆறாவது தேர்தல் இது. எல்லாம் எப்போது முடியும், வீட்டுக்குப் போய் எப்போது படுக்கலாம் என்றிருந்தது.

"எனக்கு அவங்க மேல ரொம்ப மரியாதை சார்" என்றான் சரண். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் சார்பில் கமிட்டியில் இருப்பவன். ஐ.டி. வேலை. "வெள்ளத்துல எங்க பேஸ்மென்ட்ல இடுப்பளவு தண்ணில நின்னு மோட்டார் போட்டாங்க. எங்க ஃப்ளாட்ல எல்லாருக்கும் அவங்களைப் பிடிக்கும். ஆனா உங்க தெருப்பக்கம் ஒரு பொம்பளைக்கு ஓட்டு போட மாட்டாங்களே!"

"யாரு சொன்னா? எங்க தெரு பூரா அக்கா பக்கம்தான்" என்றாள் தெருப்பக்கத்துக் கமிட்டி உறுப்பினர் யுவராணி. "ஃப்ளாட்டுக்காரங்கதான் போட மாட்டாங்க. இங்கிலீஷ் பேசற ஆளு கேப்பீங்க."

"நாங்க எப்ப கேட்டோம்?"

"அதான் சர்வே சொல்லுதே!"

"சர்வேயை நம்பலாமா?" என்றார் வீரராகவன். "பகல்ல வந்து எடுத்துட்டுப் போனானுங்க. பாதி ஜனம் எஸ்டேட் கம்பெனிங்களுக்கு வேலைக்குப் போயிருக்கும்."

"சாம்பிள் நானூறு சார். சரியாத்தான் இருக்கும்" என்றான் சரண்.

யுவராணி கொஞ்சம் யோசித்தாள். "எங்க ஊட்டுக்கும் வந்தாங்கண்ணே. யாரு ஜெயிப்பாங்கன்னுதான் கேட்டாங்க. நீ யாருக்குப் போடுவேன்னு கேக்கவே இல்ல."

"நீ இன்னா சொன்ன?"

"உதயகுமார்தான் ஜெயிப்பாருன்னு சொன்னேன். ஊரே அப்படித்தான பேசிக்குது!"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார் அய்யாசாமி. இரண்டும் ஒன்றில்லை என்று அவருக்கே தோன்றியது. அதை இழுத்துப் பிடித்துப் பேசத் தெம்பில்லை. மணி ஒன்றரை ஆகப்போகிறது.

நாகவல்லி படியேறி வந்தாள். அதுவரை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த உதயகுமார் எழுந்து அவளுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

"சரி, ஓட்டெடுப்பே வச்சிடலாம்" என்றார் அய்யாசாமி.

கமிட்டியில் பதினொரு பேர். பழைய நோட்டிலிருந்து தாளைக் கிழித்துப் பதினொரு துண்டு. ஒரே பேனா கை மாறிப் போனது. பேனாவை வாங்கும்போது சரண் நாகவல்லியைப் பார்த்துத் தலையாட்டினான். யுவராணி அவள் கையைப் பிடித்து, "கவலப்படாதக்கா" என்றாள்.

அய்யாசாமி தன் துண்டில் உதயகுமார் என்று எழுதினார். கைக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. மத்தவங்க நாலு பேராவது அவளுக்குப் போடுவாங்க, அவமானமா இருக்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மடித்துப் போட்டார்.

பிரித்தார்.

உதயகுமார். உதயகுமார். உதயகுமார்.

ஆறாவது துண்டில் அவர் குரல் இறங்கியது. ஒன்பதாவதில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பதினொன்றையும் பிரித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

பதினொன்றும் உதயகுமார்.

யுவராணி புடவைத் தலைப்பைத் திருகினாள். "நான் ஒருத்தி போடலன்னா இன்னா, மத்தவங்க போடுவாங்கன்னு நெனச்சேன்..." என்று முணுமுணுத்தாள். சரண் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

நாகவல்லி எழுந்தாள். பையிலிருந்து சால்வையை எடுத்து உதறினாள். நேராகப் போய் உதயகுமார் தோளில் போர்த்தினாள்.

"ஜெயிச்சிட்டு வா தம்பி. வேலைக்கு நான் வரேன்."

உதயகுமார் சட்டென்று குனிந்து அவள் காலைத் தொட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். அய்யாசாமிக்கு மட்டும் கை எழவில்லை. பதினொரு பேரில் அவளும் ஒருத்தி என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

படியில் இறங்கி வந்து அவளைப் பிடித்தார்.

"ஏம்மா, நீயுமா அவனுக்குப் போட்ட?"

"கட்சி ஜெயிக்கணுமேண்ணே. நான் நின்னா தோத்துடும்னு சர்வேல போட்டுகீதே. காலைலயே ஆவடி மார்க்கெட்டுல சால்வை வாங்கிட்டுத்தான் வந்தேன்."

"அப்பறம் ஓட்டெடுப்பு வைன்னு ஏம்மா அந்தப் பிடி பிடிச்ச?"

நாகவல்லி கீழ்ப்படியில் கிடந்த செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டாள்.

"என் ஓட்டு இல்லாம யாருனா ஒருத்தராவது எனக்குப் போடறீங்களான்னு பாக்கத்தாண்ணே."