முழு டோஸ்

காய்ச்சல் விடவில்லையென்று மனைவிக்கு நானே ரத்தம் எடுத்தேன். லேபில் என் வேலையே அதுதான்.

"வலிக்குதா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து குத்திட்டுதானே இருக்கீங்க!"

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "கிரியாட்டினின் கம்மியாத்தான் இருக்கு, கிட்னி நல்லா இருக்கு. ஊசி முழு டோஸே போடலாம். அவங்க வரலையா?" என்றார்.

"மகாராணி வீட்டைவிட்டு நகர மாட்டா சார்."

சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். ஊசியையும் நானே போட்டேன். அதைக் கிட்னி தாங்கவில்லை. பத்தாம் நாள் போய்விட்டாள்.

பிறகுதான் வேறொரு டாக்டர் விளக்கினார். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்த உடம்பில் அது குறைவாகவே இருக்கும். கெட்ட கிட்னியும் நல்லதாகத் தெரியும்.

அவள் படுக்கையில் விழுந்து பதினோரு வருடம். யாரும் பரிதாபப்படக் கூடாதென்று வெளியே சொல்ல விட்டதில்லை.

பார்க்கிறவர்களுக்காக வாசலில் நான் வைத்த அவளுடைய செருப்பு இன்னும் தேயாமல் இருக்கிறது.